போயிங்கா, ஏர்பஸ்ஸா: தேர்வு எங்கே நடக்கிறது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எந்த நாட்டு விமான நிறுவனம் யாரிடம் விமானம் வாங்குகிறது என்று கேட்டால், நம்மில் பலரிடம் ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது. அமெரிக்கர்கள் போயிங் வாங்குவார்கள், ஐரோப்பியர்கள் ஏர்பஸ் வாங்குவார்கள், ஏனையோர் எந்த வல்லரசின் பக்கம் சாய்ந்திருக்கிறார்களோ அதற்கேற்ப வாங்குவார்கள் என்பதே அந்த விடை. இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட ரயன்ஏர், ஐரோப்பாவின் மிகப்பெரிய விமான நிறுவனங்களுள் ஒன்றாக இருந்தும், பெரும்பாலும் போயிங் 737 விமானங்களையே இயக்குகிறது. பெயரிலேயே நாட்டைச் சுமந்து நிற்கும் அமெரிக்கன் ஏர்லைன்ஸிடமோ 400-க்கும் மேற்பட்ட ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானங்கள் உள்ளன. கொடியை வைத்துக் கணக்குப் போட்டால் இவை இரண்டுமே தப்பாக வரும்.

ஒரு நிறுவனம் இன்று எதை வாங்குகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அது நேற்று எதை வாங்கியது என்பதுதான். அந்த முதல் கொள்முதலைத் தீர்மானித்தவையோ அன்றைய நாளில் கைக்கு எட்டிய கடன், அன்றைய அரசியல், அன்று கிடைத்த தள்ளுபடி ஆகியவை. வட்டாரத்துக்கு வட்டாரம் இந்தச் சூழ்நிலை வேறுபட்டதால்தான் விமான நிலையங்களில் நிற்கும் வால்பகுதிகளும் வேறுபடுகின்றன என்பது என் கருத்து.

முதலில் விமானிகளை எடுத்துக்கொள்வோம். விமானி உரிமம் பெற்றவர் எந்தப் பயணிகள் ஜெட்டையும் ஓட்டிவிட முடியாது. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனியே ‘டைப் ரேட்டிங்’ என்னும் தகுதி பெற வேண்டும். ஏ318 முதல் ஏ321 வரை ஏர்பஸ்ஸின் நான்கு விமானங்களுக்கும் ஒரே தகுதி போதும். அதிலிருந்து பெரிய ஏ330-க்கு மாறுவதற்கும் சுருக்கமான பயிற்சியே தேவைப்படும், ஏனெனில் விமானி அறையின் அமைப்பும், பக்கவாட்டில் இருக்கும் சிறிய கைப்பிடியும், கோளாறு வந்தால் கையாள வேண்டிய முறைகளும் வேண்டுமென்றே ஒன்றுபோல் வடிவமைக்கப்பட்டுள்ளன. போயிங் 737-இல் பழகியவர் ஏ320-க்கு வருவதென்றால் வகுப்பறை, சிமுலேட்டர், மேற்பார்வையுடன் கூடிய பறத்தல் எனப் பல வாரங்கள் போய்விடும். அந்த நாள்களுக்கெல்லாம் அவருக்குச் சம்பளம் உண்டு, வருமானம் ஈட்டும் பறத்தல் இல்லை. நள்ளிரவில் ஒரு விமானி உடல்நலமில்லை என்று தொலைபேசியில் தெரிவிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகை விமானம் கொண்ட நிறுவனத்தில் தயார்நிலையில் இருக்கும் எந்த விமானியையும் அனுப்பி வைக்கலாம். இரண்டு வகை இருந்தால் தயார்நிலை விமானிகளையும் இரண்டு பட்டியலாக வைத்திருக்க வேண்டும். பராமரிப்புப் பொறியாளர்களின் உரிமத்துக்கும் கிடங்கில் அடுக்கப்பட்டிருக்கும் உதிரிபாகங்களுக்கும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்கை வெகு முன்பே பிடித்துக்கொண்டது, 1971-இல் டெக்சஸில் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ். இன்று அதனிடம் இருக்கும் சுமார் 800 விமானங்களும் 737-களே. ஆனால் வாங்குபவர் விற்பவரைச் சார்ந்திருப்பதுபோல விற்பவரும் வாங்குபவருக்குக் கட்டுப்பட்டுவிடுகிறார் என்பதற்கும் இதே நிறுவனம்தான் சான்று. 737-இன் புதிய வடிவமான 737 மேக்ஸ் விமானத்துக்காகத் தன் விமானிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால், விமானம் ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலர் விலையைக் குறைப்பதாகச் சவுத்வெஸ்ட்டுக்குப் போயிங் வாக்களித்திருந்தது. அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் இது வெளிவந்தது. 1960-களில் தாழ்ந்த சக்கரக்கால்களுடன் வடிவமைக்கப்பட்ட உடலில் பெரிய எஞ்சின்களைப் பொருத்த, அவற்றை முன்னோக்கித் தள்ள வேண்டியிருந்தது. அதனால் மாறிய பறக்கும் தன்மையை எம்காஸ் என்னும் மென்பொருளால் ஈடுகட்ட முயன்றார்கள். விமானி பழைய 737-ஐ ஓட்டுவதாகவே உணர வேண்டும் என்ற வணிக நெருக்கடி அந்த முடிவுகளின் பின்னே இருந்தது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் அந்த மென்பொருளுடன் தொடர்புடையதாக நேர்ந்த இரு மேக்ஸ் விபத்துகளில் 346 பேர் உயிரிழந்தனர்.

அப்படியானால் இரண்டாவது விபத்தில் விமானத்தை இழந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் போயிங்கைக் கைவிட்டிருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். 2022-இல் அது மேக்ஸ் விமானத்தை மீண்டும் சேவைக்குக் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் மேலும் 20 மேக்ஸ் விமானங்களுக்கும் 11 போயிங் 787-களுக்கும் ஆர்டர் கொடுத்தது. இதைப் புரிந்துகொள்ள 1945-க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் டிடபிள்யூஏ விமான நிறுவனத்தின் துணையுடன் அந்த விமான நிறுவனம் அவ்வாண்டு தோற்றுவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பறந்த முதல் விமானங்கள் அமெரிக்க ராணுவத்திடம் மிஞ்சிய சி-47 போக்குவரத்து விமானங்கள். 1960-களில் வந்த முதல் ஜெட்டுகள் போயிங்கின் 720 வகை. சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் அடிஸ் அபாபாவில் பயிற்சிக் கூடமும் பராமரிப்புக் கூடமும் பல பத்தாண்டுகளாகப் போயிங்கைச் சுற்றியே வளர்ந்தன. ஆப்பிரிக்காவிலேயே முதலில் ஏர்பஸ்ஸின் ஏ350 வாங்கியதும் இதே நிறுவனம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அது 2016-இல்தான் நடந்தது.

இந்தப் பிணைப்பின் வலிமையை உற்பத்தியாளர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே முதல் விற்பனைக்காக அவர்கள் எந்த எல்லைக்கும் போவார்கள். 1977-இல் ஏர்பஸ்ஸை அமெரிக்காவில் சீந்துவாரில்லை. அப்போது ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் தலைவராக இருந்தவர், அப்பல்லோ 8-இல் நிலவைச் சுற்றிவந்த பிராங்க் போர்மன். அவருக்கு ஏர்பஸ் நான்கு ஏ300 விமானங்களைக் குத்தகைப் பணம் எதுவுமின்றி ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. எரிபொருள் செலவு குறைவதைக் கண்டதும் 1978-இல் ஈஸ்டர்ன் 23 விமானங்களுக்கு ஒப்பந்தமிட்டது. அமெரிக்கச் சந்தையின் கதவு ஏர்பஸ்ஸுக்கு அப்படித்தான் திறந்தது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் விமானம் வாங்க ஆளில்லாமல் உற்பத்தியாளர்கள் தவித்த நேரத்தில் ஐரோப்பாவின் மலிவுக் கட்டண நிறுவனங்கள் இரண்டு பேரம் பேச வந்தன. 2002 ஜனவரியில் ரயன்ஏர் 100 போயிங் 737-களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், அதுவரை 737 மட்டுமே ஓட்டிவந்த ஈஸிஜெட், 120 ஏர்பஸ் ஏ319-களைத் தேர்ந்தெடுத்து அணி மாறியது. ஒரே கண்டம், ஒரே வணிக முறை, ஒரே ஆண்டு; ஆயினும் எதிரெதிர்த் தேர்வுகள். இருவரும் இன்றுவரை தத்தம் தேர்விலேயே நிற்கிறார்கள். விமானத்தின் தரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று வாதிடுவோர் இந்த ஓராண்டுக் கதைக்கு விடை சொல்ல வேண்டும்.

ஜப்பானின் கதை வேறு. அங்கே விமானத்தை வாங்குபவர்களின் நாடே விமானத்தைச் செய்பவர்களின் நாடாகவும் இருக்கிறது. போயிங் 787-இன் உடற்கட்டமைப்பில் ஏறத்தாழ 35 விழுக்காட்டை மிட்சுபிஷி, கவாசாகி, சுபாரு ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் தயாரிக்கின்றன. கரியிழைக் கலவையாலான அதன் இறக்கைகள் நகோயாவில் உருவாகி, வயிறு புடைத்த ட்ரீம்லிஃப்டர் சரக்கு விமானத்தில் ஏறி அமெரிக்கத் தொழிற்சாலைக்குப் போகின்றன. அந்த விமானத்துக்கு 2004-இல் 50 ஆர்டர் கொடுத்துத் திட்டத்தையே தொடங்கிவைத்தது டோக்கியோவின் ஏஎன்ஏ விமான நிறுவனம். தொழில், அரசுறவு, கொள்முதல் மூன்றும் இப்படிப் பின்னிக்கிடந்த நாட்டில், ஜப்பான் ஏர்லைன்ஸ் 2013 அக்டோபரில் 31 ஏ350 விமானங்களை ஏர்பஸ்ஸிடம் கேட்டபோது தொழில்துறையே அதிர்ந்தது. அந்நிறுவனம் ஏர்பஸ்ஸிடம் நேரடியாகக் கொடுத்த முதல் ஆர்டர் அதுதான். 2010-இல் அது திவால் பாதுகாப்புக்குள் போய் மீண்டு வந்திருந்தது என்பதை நினைவில் வையுங்கள். பழைய உறவுகள் அறுபடுவது பெரும்பாலும் இத்தகைய நெருக்கடிகளுக்குப் பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசு நேரடியாகவே கொள்முதல் செய்யும் இடம் சீனா. அங்கே பெரிய ஆர்டர்கள் அரசு அமைப்பின் வழியாகப் பேசப்பட்டு, தலைவர்கள் சந்திக்கும் வேளையில் அறிவிக்கப்படுவது வழக்கம். 2017 நவம்பரில் அமெரிக்க அதிபர் பெய்ஜிங் வந்தபோது 300 போயிங் விமானங்கள். உறவு கசந்த பின் 2022 ஜூலையில் நான்கு சீன விமான நிறுவனங்களுக்குமாகச் சேர்த்து 292 ஏர்பஸ் விமானங்கள். ஏர்பஸ்ஸும் சும்மா இருக்கவில்லை. 2008-இலேயே தியன்ஜினில் ஏ320 பொருத்தும் தொழிற்சாலையைத் திறந்துவிட்டது.

அரசின் கை கண்ணுக்குத் தெரியாமல் இயங்குவது கடனில்தான். நிதிநிலை வலுவில்லாத நாடுகளின் நிறுவனங்களுக்கு அமெரிக்காவின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கியோ பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளின் ஏற்றுமதிக் கடன் அமைப்புகளோ உத்தரவாதம் கொடுத்தால்தான் விமானம் கிடைக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், விமானம் செய்யும் இந்த நாடுகளின் சொந்த நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. இது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் எழுதப்படாத விதி. தன்னுடன் போட்டியிடும் வெளிநாட்டு நிறுவனங்கள் மலிவான உத்தரவாதத்தில் போயிங் வாங்குகின்றன என்று சினந்து, அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் தன் நாட்டு எக்ஸிம் வங்கி மீதே வழக்குத் தொடுத்தது.

ஈரானின் நிலை இன்னும் இறுக்கமானது. ஒரு விமானத்தின் மதிப்பில் பத்து விழுக்காடு அமெரிக்கப் பாகங்களாக இருந்தாலே வாஷிங்டனின் அனுமதி வேண்டும் என்பதால், ஏர்பஸ்ஸும் அந்த வலைக்குள் சிக்கிவிடுகிறது. வல்லரசுகளுடன் செய்துகொண்ட அணுசக்தி உடன்பாட்டுக்குப் பின் 2016-இல் ஈரான் ஏர் சுமார் 100 ஏர்பஸ் விமானங்களுக்கு ஒப்பந்தமிட்டது. 2018-இல் அமெரிக்கா உடன்பாட்டிலிருந்து விலகுவதற்குள் கைக்கு வந்தவை மூன்று.

சில வட்டாரங்களில் தேர்வைத் தீர்மானிப்பது ஒரு தொழிற்சங்க ஒப்பந்தம். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் தம் விமானிகளோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அவற்றுக்காகப் பறக்கும் துணை நிறுவனங்கள் 76 இருக்கைகளுக்கும் சுமார் 39,000 கிலோ எடைக்கும் மேற்பட்ட விமானங்களைப் பயன்படுத்தக் கூடாது. பிரேசிலின் எம்ப்ரேயர் இ175 அந்த எல்லைக்குள் கச்சிதமாக அடங்கியதால் அங்கே கொடிகட்டிப் பறக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்தும் அதன் புதிய வடிவமோ, எஞ்சின் கனத்தால் எல்லையைத் தாண்டி, வாங்குவாரின்றி நிற்கிறது. சிறந்த விமானம் விற்காமல், பழையது விற்றுக்கொண்டிருக்கும் அரிய காட்சி இது.

இன்றைய நிலையில் புதிதாக அணி மாற நினைப்பவருக்குப் பெரிய தடை வரிசை. ஏர்பஸ்ஸிடம் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் இன்னும் டெலிவரி செய்யப்படாமல் உள்ளன. விலை படிந்தாலும் விமானம் வர ஆண்டுகள் ஆகும். இந்த நெரிசல்தான் மூன்றாமவருக்கு வாய்ப்பு என்று கருதுவோர் சீனாவின் சி919 பயணிகள் ஜெட்டைச் சுட்டுகிறார்கள். அது 2023 மே 28 அன்று ஷாங்காயிலிருந்து பெய்ஜிங்குக்குத் தன் முதல் வணிகப் பயணத்தை மேற்கொண்டது. ஆனால் அதன் எஞ்சின்கள் அமெரிக்க, பிரெஞ்சுக் கூட்டு நிறுவனத்தின் தயாரிப்பு. 2025-இல் அமெரிக்க அரசு அவற்றின் ஏற்றுமதி உரிமத்தைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழும் அவ்வாண்டு வரை அதற்குக் கிடைக்கவில்லை. அதே உற்பத்தியாளரின் சிறிய ஜெட்டை 2023-இல் சீனாவுக்கு வெளியே முதலில் சேவையில் ஈடுபடுத்தியது இந்தோனேசியாவின் டிரான்ஸ்நூசா. சீன விமானக் குத்தகைக் குழுமம் ஒன்றுக்கு அந்த நிறுவனத்தில் பங்கு இருக்கிறது.