மைக்ராஸ்கோப் வெளிச்சம் மங்குகிறதா? பல்புக்கு முன் ஹோல்டரைப் பாருங்கள்

[காட்சி: மேசையில் பழைய மைக்ராஸ்கோப். விளக்கு மஞ்சளாக, சோர்ந்து எரிகிறது.]

வணக்கம். குளச்சலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளியிலிருந்து வந்த மைக்ராஸ்கோப் இது. ஆய்வக உதவியாளர் அக்கா மேசையில் வைத்துவிட்டு, "மூணு பல்பு மாத்தியாச்சு மக்களே, வெளிச்சம் வரல்ல" என்றார். மூன்று பல்பையும் சோதித்துப் பார்த்தேன். மூன்றும் நல்ல பல்புதான். அப்படியானால் வெளிச்சம் எங்கே போகிறது?

திறப்பதற்கு முன்னால் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில மாடல்களில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் போர்டிலேயே 230 வோல்ட் நிற்கும். இப்போதுதான் எரிந்த பல்பு என்றால் கால் மணி நேரம் ஆறவிடுங்கள்.

[காட்சி: அடிப்பாகம் திறக்கப்படுகிறது. பல்பும் ஹோல்டரும் அருகில்.]

உள்ளே இருப்பது 6 வோல்ட், 20 வாட் ஹாலஜன் பல்பு. இரண்டு ஊசிக்கால், வெள்ளைப் பீங்கான் ஹோல்டர். பல்பில் அச்சிட்டிருக்கும் எண்ணை முதலில் படியுங்கள். கடையில் 12 வோல்ட் பல்பைக் கொடுத்துவிட்டால் அதுவும் இதே ஹோல்டரில் அழகாகப் பொருந்தும். ஆனால் மஞ்சளாகத்தான் எரியும்.

பல்பு நல்லதா என்று மல்டிமீட்டரில் பார்க்கும்போது, மீட்டர் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு. எரியும்போதுதான் அது 1.8 ஓம் அளவுக்கு ஏறும்.

சரி, இப்போது ஹோல்டருக்கு வருவோம். உள்ளே பாருங்கள், பச்சையாகக் களிம்பு. நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இடையில் கடலிலிருந்து உப்புக்காற்று. செம்பும் பித்தளையும் இந்த ஈரத்தில் சும்மா இருக்காது.

இந்தக் களிம்பு செய்கிற வேலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 வாட்டை 6 வோல்ட்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர். இவ்வளவு பெரிய மின்னோட்டம் ஓடும் பாதையில் அரை ஓம் தடை சேர்ந்தாலே பல்புக்கு 5 வோல்ட்கூட வந்து சேராது. ஹாலஜனில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறையும். இந்த நிலையில் பாதிக்கும் கீழே போய்விடும். பல்புக்குப் போகாத வோல்ட் ஹோல்டரிலேயே சூடாக மாறுகிறது. சூட்டில் ஸ்பிரிங் தளர்கிறது, தளர்ந்ததால் தொடுப்பு இன்னும் மோசமாகிறது, மறுபடியும் சூடு. ஹோல்டர் ஓரம் பழுப்பாகக் கருகியிருப்பது இதனால்தான். புது பல்பு எத்தனை போட்டாலும் இது மாறாது. அக்கா பல்புக்குக் கொடுத்த காசு முழுவதும் வீண் என்பதுதான் எனக்கு வருத்தம்.

[காட்சி: மல்டிமீட்டர். முதலில் டிரான்ஸ்பார்மர் முனை, பிறகு பல்பின் கால்கள்.]

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை. விளக்கை முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, டிரான்ஸ்பார்மரின் 6 வோல்ட் முனையில் ஒரு தடவை, பல்பின் கால்களில் ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான். திறந்த கருவியில் மின்சாரத்தோடு செய்கிற வேலை இது. பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

களிம்பு லேசாக இருந்தால் பிளக்கை உருவிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுரண்டி எடுக்கலாம். கருகிய ஹோல்டரைச் சுத்தம் செய்து பிரயோஜனம் இல்லை, மாற்றிவிடுங்கள்; விலை அதிகமில்லை. ஒயரை ஈயம் வைத்துப் பற்றாதீர்கள். அந்தச் சூட்டில் ஈயம் இளகிவிடும். சின்ன உலோகக் குழலில் ஒயரை நுழைத்து நசுக்கி இறுக்குவதுதான், அதாவது கிரிம்ப் செய்வதுதான், நிலைக்கும். ஒயரும் சூடு தாங்கும் சிலிக்கான் ஒயராக இருக்கட்டும்.

புது பல்பை வெறும் கையால் தொட வேண்டாம். விரலின் எண்ணெய் குவார்ட்ஸ் கண்ணாடியில் ஒட்டினால் அந்த இடம் சூட்டில் வெளிறி, பல்பின் ஆயுள் குறையும். தவறித் தொட்டுவிட்டால் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

வெளிச்சத்தைத் திருகும்போது விட்டு விட்டு எரிந்தால், அது திருகும் குமிழின் உள்ளே மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்த கோளாறு. அதே ஓம் அளவில் வேறு போட்டால் தீர்ந்தது.

எல்.இ.டி.க்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக மாறலாம், எனக்கும் அதுதான் பிடித்தது. ஐப்பசி மழையில் கரண்ட் போனாலும் பவர்பேங்கில் எரியும். ஆனால் பழைய டிரான்ஸ்பார்மரில் நேராக மாட்டாதீர்கள். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் வேண்டும், சூட்டை இழுக்க முதுகில் அலுமினியத் தகடு வேண்டும். பழைய இழை நின்ற அதே உயரத்தில், அதே நடுவில் எல்.இ.டி. நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் காட்சி ஒரு பக்கம் இருட்டாகும்.

அப்புறம், அடிப்பாகத்தில் இருக்கும் லென்ஸ். அதில் பூஞ்சை படர்ந்திருக்கிறது பாருங்கள், சிலந்தி வலை மாதிரி. முதலில் ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட்டு, பிறகு லென்ஸ் பேப்பரில் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். வேட்டித் துணி வேண்டாம்.

[காட்சி: எல்லாம் பூட்டியாயிற்று. விளக்கு வெள்ளையாக எரிகிறது.]

தேரூர் குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்திருக்கிறேன். ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் லென்ஸான கண்டென்சரை மேலே ஏற்றி, ஒளி வரும் துளையான ஐரிஸைக் கொஞ்சம் சுருக்குகிறேன். அதோ, செருப்பு வடிவில் ஒன்று ஓடுகிறதே, பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரி. ஓரத்து மயிரிழைகள் அசைவதுகூடத் தெரிகிறது. வெளிச்சக் குமிழ் பாதி அளவில்தான் இருக்கிறது.