தண்டையார்பேட்டைக்கு ஓர் அறை வேண்டும்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, பேத்தியின் பிறந்தநாளைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, நாற்காலி போதாதென்று பள்ளியைத் திறந்து பெஞ்சு கொடுத்த தலைமையாசிரியர் அவர்களே, பொன்னாடை வேண்டாம் என்று சொல்லியும் கேட்காத தலைவர் அவர்களே, மைக் செட் தம்பி, அனைவருக்கும் வணக்கம்.

தனி மரம் தோப்பாகாது. பின்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. போன வருஷமும் இதைத்தான் சொன்னேன். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது நம் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களால். கூடிப் பேசுவது வடசென்னைக்குப் புதிதல்ல. ஆனால் குடி என்று வந்தால் மட்டும் ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொள்கிறது.

இன்று மூன்று விஷயங்கள் பேசப் போகிறேன்: குடியை விட்டவர்கள் கூடும் குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது, அங்கே என்ன நடக்கும், வீட்டுப் பெண்கள் என்ன செய்யலாம்.

அதற்கு முன் மருத்துவர் ஐயா சொல்லச் சொன்ன ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. வலிப்பு வரலாம், இல்லாததைக் கண்டு பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வைராக்கியம் காட்டி வீட்டுக்குள் பூட்டிவைக்காதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையோ கீழ்ப்பாக்கமோ, முதலில் மருத்துவரைப் பாருங்கள். குழு அதற்கு அப்புறம்.

நான் சொல்லும் குழுவின் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. பில் என்றொருவர் வியாபார விஷயமாக அந்த ஊருக்குப் போனார், காரியம் ஊற்றிக்கொண்டது. தங்கியிருந்த ஓட்டலில் பார் கூப்பிடுகிறது. இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் இன்றைக்குத் தப்பிப்போம் என்று ஊரெல்லாம் போன் போட்டு, பாப் என்ற அறுவை மருத்துவரைப் பிடித்தார். அவரும் மொடாக்குடியர். தனி மரம் தோப்பாகாது என்று பில்லுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை!

இனி நம்மூர்க் கதை. சம்பந்தப்பட்டவர் அனுமதியோடு சொல்கிறேன், பெயர் கிடையாது. காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். யாரோ ஒரு சர்ச் காம்பவுண்டைச் சொல்லி, 'சாயங்காலம் ஏழு மணி, உள்ளே போ' என்று அனுப்பினார்கள். போனார். ஹாலில் ஐம்பது பேர். வாசலில் கையெழுத்து வாங்கினார்கள், டீயும் சமோசாவும் தந்தார்கள். இவ்வளவு மரியாதையா என்று மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. டை கட்டிய ஒருவர், 'புதுசா வந்தவங்க எழுந்து அறிமுகம் செஞ்சுக்கலாம்' என்றார். நம்மாள் எழுந்தார். தண்ணீர் குடித்தார். 'நான் ஒரு குடிகாரன். இன்னிக்கு விட்டுடலாம்னு வந்திருக்கேன்' என்றார். கப்சிப். டை கட்டியவர் சமாளித்து, 'பரவால்லண்ணே, நம்ம லைன்ல எல்லாரும் முன்னேறலாம். முதல்ல உங்க சொந்தக்காரங்க பத்து பேர் பேர் எழுதுங்க' என்றார். அது இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் கூட்டம்! வாட்ச்மேன்தான் ஓடிவந்து கையைப் பிடித்து, 'நீ மாடிக்குப் போகணும்ணே, வாரத்துக்கு ஒருத்தர் இப்படி மாறி வர்றாங்க' என்று படியேற்றிவிட்டார். மாடியில் பன்னிரண்டு பேர். ஒருவர், 'கீழே பாலிசி எடுத்துட்டியா?' என்று கேட்டாராம். அவர் வந்த அன்றும் அதே ஹாலுக்குள்தான் நுழைந்தாராம்.

சிரித்துவிட்டோம், சரி. படியேற்றிவிட வாட்ச்மேன் இல்லாத இடத்தில் அந்த மெக்கானிக் நேராக எங்கே போயிருப்பார்? டாஸ்மாக் மதியம் 12 மணி முதல் இரவு 10 மணி வரை, பலகை போட்டு, விளக்குப் போட்டுத் திறந்திருக்கிறது. 2003இலிருந்து சில்லறை விற்பனையே அரசுடையது. குடிக்கும் இடத்தைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். நிறுத்தும் இடத்துக்கு மட்டும் ஆளாளுக்கு வழி கேட்க வேண்டும்.

மாடியில் என்ன நடக்கும் என்றால், பேசுவார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடமாட்டார். உறுப்பினர் கட்டணம் இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். ஓபன் மீட்டிங் என்றால் வீட்டாரும் போகலாம். நானும் அப்படித்தான் போய் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர் இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்துத்தான் டீ குடித்தார். ஒரு கையால் பிடித்தால் டீ சிந்திவிடும்.

அதனால் அம்மையார் அவர்களிடம் ஒரு கோரிக்கை. நம் வார்டில் மாலையில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சி அறைகளில் ஒன்றை, ஏ.ஏ. கூட்டத்துக்கு வாரம் இரண்டு மாலை திறந்துவிட வேண்டும். இலவசமாகக் கேட்கவில்லை. வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி. வாடகையை அவர்களே கொடுப்பார்கள். எந்தப் பொதுப் பிரச்சினையிலும் கருத்துச் சொல்வதில்லை என்பதும் விதி. ஆகவே இந்தக் கோரிக்கை என்னுடையது, அவர்கள் தலையில் கட்டாதீர்கள். துறைமுகத்தில் ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு ஏழு மணி ஒத்துவராது; எட்டரைக்காவது திறக்க வேண்டும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், கையில் வேலை இருக்காது. அதற்குள் அறை கிடைத்தால் நல்லது. தனி மரம் தோப்பாகாது அம்மா, தோப்புக்கு இடம் நீங்கள்தான் தர வேண்டும்.

வீட்டுப் பெண்கள் உட்பட, குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு உண்டு. மணி அடித்துவிட்டார்கள்.

மனு வாசல் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வீட்டு முகவரி எழுதத் தயங்குகிறவர்கள் தெருப் பெயர் மட்டும் எழுதினால் போதும். நன்றி, வணக்கம்.