கை செய்வதும் கதை சொல்வதும்: சிறிய வீடியோ கேம்கள் பற்றி

நேயர்களுக்கு வணக்கம்.

2048 என்ற எண் விளையாட்டை உங்களில் பலர் கைபேசியில் ஆடியிருப்பீர்கள். பஸ்ஸில் போகும்போது, வங்கி வரிசையில் நிற்கும்போது, மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது கை தானாக அதைத் தேடும். நான்குக்கு நான்கு கட்டம். விரலால் ஒரு பக்கம் தள்ளினால் எண்கள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடும். இரண்டும் இரண்டும் சேர்ந்தால் நான்கு, நான்கும் நான்கும் சேர்ந்தால் எட்டு. இப்படியே இரட்டித்துக்கொண்டு 2048 வரை போக வேண்டும்.

2014 மார்ச்சில், 19 வயது இத்தாலிய இளைஞர் கேப்ரியேலே சிருல்லி இதை ஒரு வார இறுதியில் எழுதி முடித்தார். இலவசமாகவே கொடுத்தார். நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார். அவர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. என் வருத்தமெல்லாம் அதற்கு ஒரு மாதம் முன்பு வெளிவந்த இன்னொரு விளையாட்டைப் பற்றியது. அதன் பெயர் திரீஸ். ஆஷர் வால்மர், கிரெக் வோல்வெண்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஓர் ஆண்டுக்கும் மேலாக உழைத்து உருவாக்கியது. அதிலும் அதே நான்குக்கு நான்கு கட்டம், அதே தள்ளல். ஆனால் ஆடிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

2048-இல் ஒரு தந்திரம் இருக்கிறது. பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, கீழே, இடப்பக்கம், கீழே, இடப்பக்கம் என்று தள்ளிக்கொண்டே இருந்தால் நெடுந்தூரம் போய்விடலாம். ஆடுகிறவர்கள் எல்லோரும் விரைவில் இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கட்டை விரல் மட்டும் வேலை செய்கிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது. திரீஸில் இந்தத் தந்திரம் செல்லாது. அங்கே ஒன்றும் ஒன்றும் சேராது, ஒன்றும் இரண்டும்தான் சேர்ந்து மூன்றாகும். மூன்று வந்த பிறகே இரட்டிப்பு தொடங்கும். இன்னொன்று, எண்கள் கட்டத்தின் ஓரம்வரை ஓடாது. ஒரு தள்ளலுக்கு ஒரு கட்டம்தான் நகரும். அடுத்து வரப்போகும் எண் என்ன என்பதையும் முன்கூட்டியே காட்டிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் விரல் நின்று யோசித்துத்தான் தள்ளும்.

2048 உலகெங்கும் பரவிய பிறகு திரீஸை உருவாக்கியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தங்களுக்குள் எழுதிக்கொண்ட நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களைப் பொதுவில் வெளியிட்டார்கள். படங்களையும் உருவங்களையும் புதுப்புது விதிகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக நீக்கிய வரலாறு அந்தக் கடிதங்களில் இருக்கிறது. இவ்வளவு எளிமையான ஒன்றுக்கு ஓர் ஆண்டா என்று கேட்பவர்கள் அவற்றை அவசியம் படிக்க வேண்டும். எளிமையை அடையத்தான் அந்த ஓர் ஆண்டு. ஆனால் இன்று திரீஸின் பெயரைச் சொன்னால், '2048 மாதிரிதானே?' என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. முதலில் வந்தது திரீஸ். சிறந்ததும் அதுதான். இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

ஏன் இவ்வளவு நேரம் இதைச் சொல்கிறேன்? சிறிய விளையாட்டுகளை, அதாவது ஒருவரோ ஒரு சிறு குழுவோ உருவாக்கியவற்றை, நாம் தவறான அளவுகோலால் அளக்கிறோம் என்பது என் நெடுநாள் எண்ணம். எத்தனை மணி நேரம் ஓடும்? படம் எப்படி இருக்கிறது? கதை அழவைக்குமா? மதிப்புரைகள் பெரும்பாலும் இவற்றையே கேட்கின்றன. நான் கேட்பது ஒரே கேள்விதான். என் கையை அது என்ன செய்ய வைக்கிறது? கை செய்வதும் கதை சொல்வதும் ஒரே விஷயம்தானா? பெரிய விளையாட்டில் இந்தப் பொருத்தம் இல்லாவிட்டாலும் ஆயிரம் அலங்காரங்கள் அதை மறைத்துவிடும். சிறிய விளையாட்டில் மறைக்க இடமில்லை.

இதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று, 2013-இல் லூகாஸ் போப் என்பவர் தனி ஒருவராக உருவாக்கிய பேப்பர்ஸ், ப்ளீஸ். அமெரிக்கரான அவர் ஜப்பானில் வசித்துக்கொண்டு இதைச் செய்தார். நாட்டுக்கு நாடு பயணம் செய்தபோது குடிநுழைவு மேசைகளில் நின்ற அனுபவத்திலிருந்து பிறந்த யோசனை. விமான நிலையத்தில் அந்த வரிசையில் நின்றவர்களுக்கு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அதிகாரியின் முகம் நினைவிருக்கும். இந்த விளையாட்டில் அந்த அதிகாரி நாம்தான்.

1982-ஆம் ஆண்டு. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி. ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வருகிறார்கள். பாஸ்போர்ட்டையும் அனுமதிச் சீட்டையும் வாங்கி, பெயர், தேதி, முத்திரை, புகைப்படம் எல்லாம் பொருந்துகின்றனவா என்று பார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். சரியாக முடித்த ஒவ்வோர் ஆளுக்கும் ஐந்து காசு சம்பளம். பொழுது சாய்ந்ததும் கணக்கு வரும்: வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. பணம் போதாவிட்டால் யாருக்காவது நோய் வரும், மருந்துக்கும் பணம் வேண்டும். மறுநாள் காலையில் விதிகள் இன்னும் கூடியிருக்கும்.

ஒரு நாள் ஒருவர் வருகிறார். தாள்கள் எல்லாம் சரி. முத்திரை குத்திக் கொடுக்கிறோம். போகும்போது, அடுத்து என் மனைவி வருகிறாள், அவளிடம் கொஞ்சம் அன்பாக நடந்துகொள்ளுங்கள் என்கிறார். அவள் வருகிறாள். அவளிடம் அனுமதிச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்று கெஞ்சுகிறாள். விதிப்படி சிவப்பு முத்திரை குத்த வேண்டும். கணவர் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டார்.

இங்கேதான் நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒரு நாளில் செய்யும் முதல் இரண்டு பிழைகளுக்கு எச்சரிக்கை மட்டும்தான், மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆக, அவளுக்கு இரக்கம் காட்டலாமா என்பது, இன்று காலையிலிருந்து நான் எத்தனை பிழை செய்தேன் என்ற கணக்கைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வந்திருந்தால், அவளை உள்ளே விடுவதற்கு என் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து கொடுக்க வேண்டும். இதை எந்தப் பாத்திரமும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. முத்திரையைப் பிடித்த கை அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த மேசையும் வேண்டுமென்றே சிறியதாக வைக்கப்பட்டிருக்கிறது. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், பின்னால் வரிசை நீளும், நேரம் ஓடும். நல்ல மனிதர் ஒருவர் ஏன் கடுகடுப்பான அதிகாரியாகிறார் என்பதை என் கையே எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இதிலும் குறை இருக்கிறது. பிற்பகுதியில் ஒரு ரகசிய இயக்கம் வருகிறது. புதிர்ச் சீட்டுகளும் சதிகளுமாக, 20 வகை முடிவுகளை நோக்கிக் கதை கிளைக்கிறது. அதெல்லாம் சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கணவன் மனைவிக்கு ஈடாகவில்லை.

அடுத்து, நேர் எதிரான மனநிலை கொண்ட ஒன்று. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலிருந்து 2021-இல் வந்த அன்பேக்கிங். வீடு மாற்றிய அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை? அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, பாத்திரம் சமையலறைக்கு, புத்தகம் அலமாரிக்கு என்று அடுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் 1997 முதல் 2018 வரை எட்டு வீடுகள். அவளை நாம் பார்ப்பதே இல்லை, அவளுடைய பொருட்களைத்தான் பார்க்கிறோம்.

2010-இல் அவள் ஒரு ஆணின் வீட்டுக்குக் குடிபோகிறாள். அவனுடைய பொருட்கள் ஏற்கெனவே எல்லா இடத்தையும் பிடித்திருக்கின்றன. அவளுடைய பட்டச் சான்றிதழைச் சுவரில் மாட்டப் பார்க்கிறோம், இடமில்லை. அலமாரியில் இடமில்லை. கடைசியில் அது கட்டிலுக்கு அடியில்தான் போகிறது. வசனம் ஒன்றும் இல்லை. அந்தச் சான்றிதழைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும்போதே இந்த உறவு நிலைக்காது என்று தெரிந்துவிடுகிறது. அடுத்த வீடு, அவளுடைய பெற்றோர் வீடு.

வானொலியில் பேசுவதால் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். இந்த விளையாட்டுக்காக 14,000-க்கும் மேற்பட்ட ஒலிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு கோப்பையை மரத்தில் வைத்தால் ஒரு சத்தம், ஓட்டுத் தரையில் வைத்தால் வேறொரு சத்தம். காதால் ஆடக்கூடிய விளையாட்டு. என் புகார் ஒன்றுதான். சில பொருட்களை அது விரும்பும் இடத்தில் வைக்காவிட்டால் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறது. சான்றிதழுக்கு இடம் மறுப்பதில் பொருள் இருக்கிறது. என் சமையலறைச் சாமானை எங்கே வைப்பது என்று எனக்கே கட்டளையிடுவதில் என்ன பொருள் இருக்கிறது?

தமிழ் நேயர்கள் பலரும் வெண்பா என்ற விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டொரண்டோவிலிருந்து 2023-இல் வந்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதியும் அவர்களின் மகன் கவினும்தான் பாத்திரங்கள். அம்மாவின் சமையல் குறிப்பேடு சிதைந்துபோயிருக்கிறது. கிழிந்தும் அழிந்தும் போன வரிகளை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி செய்ய வேண்டும். சமைக்கும்போது வானொலியில் பாட்டு ஒலிக்கும். ஒவ்வொரு காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாக அமைத்த பாடல்கள் அவை. 2024-இல் பிரிட்டனின் கலை அகாதெமியான பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருது கிடைத்தது. அதே ஆண்டில் தனிப் படைப்பாளர்களுக்கான விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும் கிடைத்தது.

நம்மவர்கள் பெரும்பாலும் இதைப் பாராட்டுவதோடு நின்றுவிட்டார்கள். நமது சமையலறையை அங்கே பார்த்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனால் நம் மொழியின் பெயரைத் தாங்கி வந்த படைப்பை மற்றவற்றைவிடக் கூர்மையாகப் பார்ப்பதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை. என் கேள்வியை இங்கேயும் கேட்கிறேன். கை என்ன செய்கிறது? சமைக்கிறது. தவறினால் உடனே மறுபடி தொடங்கலாம், மாவோ நேரமோ வீணாவதில்லை. அந்நிய நாட்டில் அரிசியைத் தேடிப் பிடித்துச் சமைத்த ஒரு தலைமுறையின் பதற்றம் விரலுக்கு வந்து சேரவில்லை. குடும்பத்தின் மிகக் கனமான திருப்பங்கள் எல்லாம் உரையாடலில்தான் நடக்கின்றன. அங்கே என் கை பக்கம் புரட்டுவதோடு சரி. விதிவிலக்காக ஓர் இடம் இருக்கிறது. வளர்ந்துவிட்ட கவின், அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டு அதே குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்க முயல்கிறான். முன்பு தயங்காமல் போன என் கை இப்போது தடுமாறுகிறது. மொத்த விளையாட்டும் அந்த உயரத்தில் இருந்திருக்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று குறை சொல்கிறார்கள். நான் அதைக் குறையாகவே எண்ணவில்லை.

இனிச் சற்று வேகமாகப் போக வேண்டியிருக்கிறது. சூதாட்ட விளையாட்டுத் துறையில் வேலை பார்த்த லூகா கலான்டே, 2022-இல் முழுமையாக வெளியிட்டது வாம்பயர் சர்வைவர்ஸ். ஆயுதங்கள் தாமாகவே சுடும், நாம் நகர்ந்தால் போதும். பெட்டி திறக்கும்போது சூதாட்ட இயந்திரத்தைப் போல ஒளியும் இசையும் பொங்கும். பாஃப்டா அதற்கு ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதை அளித்தது. நான் அளித்திருக்க மாட்டேன். ஆட்டத்தை விட்டு எழ முடியவில்லை என்பது உண்மை, ஆனால் எழுந்த பிறகு எதுவும் மிஞ்சவில்லை. அதற்கு மாறாக, 2024-இல் வந்த பலாட்ரோ சீட்டுக்கட்டை வைத்து ஆடுவது. பந்தயம் இல்லை, உண்மைப் பணம் இல்லை. போக்கர் சீட்டு வரிசைகளை 150 ஜோக்கர்களோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஐரோப்பிய மதிப்பீட்டு அமைப்பு 2024-இல் இதைப் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முத்திரையிட்டது, 2025-இல் 12 என்று குறைத்தது. குறைத்தது சரியான முடிவு. சீட்டின் படத்தைப் பார்த்து முதலில் தீர்ப்பளித்தார்கள், கை செய்யும் வேலையைப் பிறகுதான் பார்த்தார்கள்.

கைகாட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. பின்லாந்தின் பாபா இஸ் யூ பற்றிச் சொல்ல வந்தேன். ஆனால் சொற்களையே கட்டைகளாகத் தள்ளி விதியை மாற்றும் விளையாட்டு அது, படம் வரைந்து காட்டாமல் விளக்க முடியாது. அதை விட்டுவிடுகிறேன். பேப்பர்ஸ், ப்ளீஸ் செய்த அதே லூகாஸ் போப் 2018-இல் வெளியிட்ட ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். காணாமற்போன கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று 1807-இல் ஆளில்லாமல் கரை ஒதுங்குகிறது. நீங்கள் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரும் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறிய வேண்டும். இந்திய மாலுமிகளும் அவர்களில் இருக்கிறார்கள். உடை, பேச்சு, படுக்கை எண், யார் யாரோடு நிற்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்துப் பெயரைப் பொருத்த வேண்டும். மூன்று பேரின் முடிவு சரியாக இருந்தால்தான் விளையாட்டு அதை உறுதிசெய்யும், அதனால் குருட்டு ஊகம் அவ்வளவாக எடுபடாது. ஒரு காட்சியை மறுபடி பார்க்க ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கே நடக்க வேண்டியிருப்பது சலிப்பு தருகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கணினியில் ஆடுகிறவர்கள் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள், முடிவை முன்கூட்டியே சொல்ல வருபவர்களைச் சொல்லவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.