சோத்துச் சட்டியோட நின்ன பாட்டுக்காரர்

வணக்கம் நேயர்களே. பசியாறிட்டீங்களா? நான் நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவன், அம்மா பால்மரம் வெட்டினவங்க, நான் ஃபாக்டரியில 28 வருஷம் ஷிஃப்ட் பார்த்தவன். பில் விதர்ஸ்னு ஒரு அமெரிக்கப் பாடகரைப் பத்தி நம்ம ரேடியோவுல யாராச்சும் தமிழ்ல பேசணும்னு ரொம்ப நாளா ஆசை, இன்னைக்கு என்னையே கூப்பிட்டுட்டாங்க.

பேரு தெரியாதுன்னு சொல்லுவீங்க, ஆனா பாட்டு தெரியும். 'ஏன்ட் நோ சன்ஷைன்', கல்யாண மண்டபத்துல பேண்டுக்காரங்க வாசிப்பாங்க, ஷாப்பிங் மால்ல ஓடும். எழுதினது யாருன்னு கேட்டா முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அதுதான் மனசு ஆறல.

அவர் பொறந்தது 1938ல, வெஸ்ட் வெர்ஜீனியாவுல ஸ்லாப் ஃபோர்க்னு ஒரு சின்ன நிலக்கரிச் சுரங்க ஊரு. அந்தப் பேரைக் கேட்டதும் எனக்கு நம்ம லயம்தான், தோட்டத்து வரிசை வீடுதான், ஞாபகம் வந்துச்சு. சுத்தி எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரு வீட்ல அரிசி இல்லைன்னா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுற ஊரு. அப்பா செத்தப்போ இவருக்கு 13 வயசு. சின்ன வயசுல இருந்தே திக்குவாய் வேற, பேச ஆரம்பிச்சாலே வார்த்தை மாட்டிக்கும். அப்புறம் கடற்படையில 9 வருஷம். அதுக்கப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் போயி, ஒரு ஃபாக்டரியில போயிங் 747 விமானத்துக்கு டாய்லெட் செய்யுற வேலை. ஆமா நேயர்களே, விமானத்து டாய்லெட். பகல்ல அந்த வேலை, ராத்திரியில அடகுக் கடையில வாங்கின கிட்டாரை வச்சுக்கிட்டு பாட்டு எழுதறது.

முதல் ஆல்பம் வந்தது 1971ல, அப்ப வயசு 32. இப்ப அந்த அட்டைப் படத்தைப் பத்தி கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா என்னைப் பிடிச்சு இழுத்ததே அதுதான். கேசட்டு வாங்கினது பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, பழைய சாமான் போட்டிருந்த ஒரு சீன அங்கிள் கடையில. வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா ஒரு ஆள் சுவரோரமா நிக்கிறாரு, வேலைக்குப் போட்ட உடுப்பு, கையில சோத்துச் சட்டி. கோட்டு இல்ல, கண்ணாடி இல்ல, மைக் இல்ல. அவர் வேலை செஞ்ச ஃபாக்டரியிலயே லஞ்ச் டைம்ல எடுத்த படம் அது! எங்கம்மா விடியறதுக்கு முன்ன பெரட்டுக்கு, ஆள் கணக்கு எடுக்கிற இடத்துக்குப் போகும்போது இதே மாதிரிதான் தூக்குச்சட்டியைப் பிடிச்சிருப்பாங்க, பிடியைப் பிடிக்காம வளையத்துல ரெண்டு விரலை மாட்டிக்கிட்டு. பாட்டே கேக்காம காசைக் குடுத்துட்டேன்.

ஆல்பம் வந்த பிறகும் அவர் உடனே வேலையை விடல. பாட்டுத் தொழிலை நம்ப முடியாது, சம்பளம் முக்கியம்னு அவருக்குத் தெரியும். 'ஏன்ட் நோ சன்ஷைன்' நிறைய வித்து கோல்டு ரெக்கார்டு ஆனப்போ ரெக்கார்டு கம்பெனிக்காரங்க அவருக்கு தங்கக் கலர்ல ஒரு டாய்லெட் சீட்டே பரிசாக் குடுத்தாங்க. அவரோட வேலைக்குக் குடுத்த மரியாதைன்னு நான் எடுத்துக்கறேன்.

அந்தப் பாட்டுல நடுவுல 'ஐ நோ, ஐ நோ', எனக்குத் தெரியும் எனக்குத் தெரியும்னு சொல்லிக்கிட்டே போவாரு, மூச்சு விடாம 26 தடவை. ஃபாக்டரி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து விரல் விட்டு எண்ணியிருக்கேன். அங்க வேற வரி எழுதறதாத்தான் இருந்துச்சாம், ஸ்டூடியோவுல கூட இருந்தவங்க அப்படியே விடுன்னு சொல்லிட்டாங்க. திக்கித் திக்கிப் பேசின மனுஷன், ஒரே வார்த்தையை 26 தடவை ஒரு இடத்துலயும் தட்டாம பாடறாருன்னா அதை நான் எப்படி சாதாரணமா கேப்பேன்.

அவரோட பாட்டி பேரு லூலா. பாட்டியோட கையைப் பத்தி ஒரு பாட்டு எழுதியிருக்காரு, சர்ச்சுல தட்டின கை, வலிச்சு வீங்கின கை, இவர் விழுந்தா தூக்கின கை. எங்க ஆயா கையில பால் கறை போகவே போகாது, நகத்துக்கு ஓரத்துல கறுப்பா இருக்கும், அந்தக் கையாலதான் எனக்கு சோறு ஊட்டுவாங்க. நான் அந்தப் பாட்டை முழுசா கேக்க ரொம்ப நாள் ஆச்சு, பாதியிலயே நிறுத்திடுவேன்.

இன்னொண்ணு, 'லீன் ஆன் மீ', என் மேல சாஞ்சுக்கோன்னு அர்த்தம். 1972ல அமெரிக்காவுல முதல் இடம். ஊரு ஞாபகத்துல எழுதினது, சொன்னேன்ல, கதவைத் தட்டுற ஊருன்னு. இதோட மெட்டு எப்படின்னா, ஸ ஸ ரி க ம, ம க ரி ஸ. அவ்வளவுதான்! பாட்டு கிளாஸ்ல பிள்ளைங்க படிக்கிற சரளி வரிசை மாதிரி ஒவ்வொரு படியா ஏறி, ஒவ்வொரு படியா இறங்குது. கோயில் ஹார்மோனியப் பெட்டியில பஜனை அண்ணன் ஒருத்தர்கிட்ட இதை வாசிச்சுக் காட்டினேன், "இது நம்ம பிள்ளைங்க பாட்டுடா தம்பி"ன்னாரு. அந்தச் சின்ன ஏணியில அவ்வளவு பெரிய பாட்டை ஏத்தினவருக்கு, பெரிய பெரிய பேருங்களைச் சொல்லும்போது ஒரு ஓரத்துலதான் இடம் குடுக்கறாங்க, அது எனக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது.

ஸ்டூடியோ தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டறாரு, சரி சரி. 1985க்கு அப்புறம் அவர் ஆல்பமே போடல, அதைப் பத்தித்தான் நிறைய பேசணும்னு வந்தேன். ரெக்கார்டு கம்பெனியில அடுத்தவங்க பாட்டைப் பாடுன்னு சொன்னாங்க, இவருக்குப் பிடிக்கல, விலகி வீட்டோட இருந்துட்டாரு. 2015ல பெரிய பாட்டுக்காரங்களைக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தப்போ பாடகர் ஸ்டீவி வொண்டர் வந்து அறிமுகம் செஞ்சாரு. 2020 மார்ச் 30ல தவறிட்டாரு, 81 வயசு, நம்ம எல்லாரும் எம்சிஓ-ல, கொரோனா ஊரடங்குல, வீட்டுக்குள்ள இருந்த நேரம்.

இப்ப அந்த 'ஏன்ட் நோ சன்ஷைன்' பாட்டைப் போடறாங்க. விரலை விட்டு எண்ணிக்கிட்டே கேளுங்க, 26 வரும்.