மலை ஸ்கூல்ல மார்கழி எப்படி இருக்கும்? ஒரு தங்கச்சி கேட்டதுக்கு பதில்

சரி, அடுத்த கேள்வி. காட்பாடில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, "சார், ஜவ்வாது மலை மேல பிரைமரி ஸ்கூல்ல போஸ்டிங், டிசம்பர்ல ஜாயின் பண்றேன், குளிர் தாங்குமா, மேலயே தங்கணுமா இல்ல திருப்பத்தூர்ல இருந்து தினம் வண்டில போய் வந்துடலாமா"ன்னு. நான் அதே மலையில புதூர்நாடு பக்கம் ஆறு வருஷம் இருந்தவன்மா, பார்த்தத சொல்றன்.

மொதல்ல குளிர். நம்ம வேலூர வெயிலூர்னு கிண்டல் பண்ணுவாங்க இல்ல, அந்த நெனப்புல நானும் ஒரே ஒரு பெட்ஷீட்ட எடுத்துகினு போயிட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து லுங்கி, டவல், காயப்போட்ட பேண்ட்டு எல்லாத்தயும் மேல சுத்திகினு உக்காந்திருந்தேன். 1000 மீட்டர் ஏறினா கீழ இருக்கறத விட ஆறு டிகிரி, ஆறரை டிகிரி கம்மியாவும். அதோட வடகிழக்கு மழை ஓய்ஞ்ச பிறகு வானம் துடைச்சி விட்ட மாதிரி ஆயிடும், மேகம் இல்லன்னா பகல்ல தரை வாங்கின சூடெல்லாம் ராத்திரி நேரா மேல போயிடும். அந்த வானத்துக்காகத்தான் இதே மலையில காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்குது, 1986ல தொறந்த 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்கதான். அவங்களுக்கு நட்சத்திரம், நமக்கு பல்லு தந்தி அடிக்கும்.

ஆனா தங்கச்சி, நம்ம குளிர் பெரிய விஷயமே இல்ல, புள்ளைங்க குளிர்தான் விஷயம். காலைல ஒம்போதரைக்கு எதிர்ல இருக்கற புளியமரம் தெரியாது, அவ்ளோ பனி. போர்டு வேர்த்துகினு நிக்கும், சாக்பீஸ் வழுக்கிகினு போவும், எழுத்தே விழாது. நான் துணி வச்சி தொடைக்கிறதும் எழுதறதும் மறுபடி தொடைக்கிறதுமா ஒரு வாரம் ஓட்டினேன். சமைக்கிற அம்மா பார்த்துட்டு, "இன்னாத்துக்கு சார் அத தேய்ச்சிகினு கெடக்கற, புள்ளைங்கள வெயில்ல உக்கார வையேன்"னாங்க. அன்னைல இருந்து பதினோரு மணி வரைக்கும் கிளாஸ் வெளிய பாறை மேலதான். கணக்கு சாமைக் கதிர வச்சி, எழுத்து மண்ணுல. ட்ரெய்னிங்ல இதெல்லாம் சொல்லித்தரல.

லேட்டா வந்தா வெளிய நிக்க வைக்காதீங்க. ஒரு பொண்ணு தினமும் பத்து மணிக்கு வரும், ஏன்மான்னு கேட்டா "எண்ணெய் உருகல சார்"னுது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி கிட்டயே உறைய ஆரம்பிச்சிடும், அது பாட்டில வெயில்ல வச்சி உருக்கி தலை சீவிகினு வருது, பாவம். திடப்பொருள் திரவப்பொருள் பாடத்த அந்த பாட்டில வச்சே நடத்திட்டேன். ஒரு பையன் எழுந்து, "கடலை எண்ணெய் மட்டும் ஏன் சார் உறையல"ன்னான். நாளைக்கு சொல்றன்டான்னு சமாளிச்சிட்டு, சனிக்கிழமை கீழ வந்து படிச்சிட்டுப் போனேன், ரெண்டுலயும் இருக்கற கொழுப்பு வேற வேற வகையாம்.

காலை உணவுத் திட்டம் 2022ல ஆரம்பிச்சி, 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு பிரைமரிக்கும் வந்துச்சி இல்ல, அதுக்கப்புறம் பனியோ கினியோ, உப்புமா வாசனைக்கு ஓடி வந்துடுதுங்க. ஆனா டிசம்பர் ஜனவரில திடீர்னு பாதி கிளாஸ் காணாம போவும், பயந்துடாதீங்க. சாமை அறுப்பு, களத்து வேலை ஒரு பக்கம், அம்மா அப்பா காபி எடுக்க கர்நாடகாவுக்கும் மிளகு பறிக்க கேரளாவுக்கும் போறது இன்னொரு பக்கம். ரிஜிஸ்டர்ல ஆப்சென்ட் போட்டுட்டு சும்மா இருக்காம சாயங்காலம் வீட்டுக்குப் போயி ஆயாகிட்ட பேசுங்க, புள்ளைய உன்கிட்ட விட்டுட்டுப் போவச் சொல்லு ஆயான்னு. நான் அப்படி மூணு புள்ளைங்கள நிறுத்தி வச்சேன், நாலாவது போயிடுச்சி. அப்புறம், அங்க இருக்கற ஜனம் மலையாளின்ற பழங்குடிங்க, பேர கேட்டுட்டு கேரளாவான்னு மட்டும் கேட்டுடாதீங்க, நான் கேட்டு ஊரே சிரிச்சிது. காஞ்சிபுரத்துல இருந்து வந்தோம்னு அவங்க கதை சொல்லுவாங்க, பேசறது தமிழ்தான்.

தினம் வண்டில போறது வேணாம். மார்கழி காலைல ஒரு வளைவுல பால் வண்டி லைட்டு பத்தடி கிட்ட வந்துதான் தெரிஞ்சிது, வண்டிய மண்ணுல இறக்கினேன், முட்டி இன்னும் மழை வந்தா வலிக்கும். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் மேலயே இருங்க, சமைக்கிற அம்மாகிட்ட கேட்டா வீடு பார்த்துத் தருவாங்க. அட்டெண்டன்ஸ் ஆப்ல ஏத்தறதுக்கு ஊருக்கு ஒரு சிக்னல் பாறை இருக்கும், போன மொத நாளே அது எதுன்னு தெரிஞ்சிக்குங்க, நான் தெரிஞ்சிக்காம ஸ்கூல்ல இருந்துகினே வரலன்னு மெமோ வாங்கினவன்.

எடுத்துட்டுப் போறதுன்னா ஸ்வெட்டர விட ரெண்டு கம்பளி, டார்ச், பவர் பேங்க். அப்புறம் வாசலின், பெரிய டப்பாவா. உங்களுக்கு இல்ல, டேபிள் மேல தொறந்து வைங்க, உதடு வெடிச்சி ரத்தம் வர்ற புள்ளைங்க அதுங்களே வந்து தடவிக்கும். ஒரு டப்பா ஒரு வாரம்தான் வரும், அதனால வெள்ளிக்கிழமை கீழ இறங்கும்போது ஞாபகமா வாங்கிக்குங்க. சரி, அடுத்து ஒரு அண்ணன் ட்ரான்ஸ்ஃபர் பத்தி கேட்டிருக்காரு.