ஐபி நடத்தியதில்லை, இன்டர்நேஷனல் ஸ்கூலில் பிரின்சிபால் ஆகலாமா?

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் காலையிலிருந்து மழை. ஓட்டில் விழும் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் பக்கம் மெட்ரிக் பள்ளியில் துணை முதல்வராக இருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டார்: "ஐபி, கேம்பிரிட்ஜ் எதுவும் நடத்தியதில்லை. நேரே இன்டர்நேஷனல் ஸ்கூல் பிரின்சிபால் வேலைக்குப் போட்டுப் பார்க்கட்டுமா?" ஐபி என்றால் இன்டர்நேஷனல் பக்கலோரியட். கேம்பிரிட்ஜ் போலவே பல நாடுகளில் நடக்கும் பாடத்திட்டம். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடையது. தெருவுக்குத் தெரு டீச்சர்கள். இந்தக் கேள்வி அவருக்கு மட்டுமானதில்லை.

போகலாம் அண்ணா, ஆனால் பிரின்சிபாலாக வேண்டாம். துறைத் தலைவராகவோ ஒருங்கிணைப்பாளராகவோ சேருங்கள். ஒரு வகுப்பையாவது நீங்களே நடத்துங்கள்.

டைம்டேபிள் போடுவது, கோபமாக வரும் பெற்றோரை உட்காரவைத்துப் பேசுவது, பொதுத்தேர்வு சமயத்தில் ஸ்டாஃப் ரூமைச் சமாளிப்பது, இதெல்லாம் எந்தப் பள்ளியிலும் செல்லும். அங்கே புதிதாகப் படிக்க வேண்டியது மதிப்பிடும் முறை.

நம்ம பிளஸ் டூ பயாலஜி ரெக்கார்ட் நோட்டை எடுங்கள். நோக்கம், செய்முறை, முடிவு எல்லாம் வகுப்பு முழுக்க ஒன்றுதான். ஐபியில் பிளஸ் டூவுக்கு இணையான டிப்ளமா படிப்பில் ஆய்வுக் கேள்வியைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் பயறு எவ்வளவு முளைக்கும் என்று ஒருத்தி பார்ப்பாள், பக்கத்தில் இருப்பவன் வேறொன்று பார்ப்பான். அறிக்கை 3000 சொல்லுக்குள். நான்கு அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 6, ஆக 24. இறுதி மதிப்பெண்ணில் 20 சதவீதம் இதற்கு. மார்க் போடுவது வகுப்பு டீச்சர்தான். ஆனால் சில அறிக்கைகளை வெளியிலிருந்து ஒருவர் சரிபார்ப்பார். டீச்சர் தாராளமாகப் போட்டிருந்தால் வகுப்புக்கே மார்க் இறங்கலாம்.

இதை ஒருதடவைகூட உட்கார்ந்து திருத்தாத பிரின்சிபால், "இந்த வாரமே முடிச்சுடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு எந்த டீச்சரும் அவரிடம் மனம்விட்டுப் பேச மாட்டார். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஐபியில் புதியவர்களுக்கான பயிற்சி ஆன்லைனிலும் உண்டு. செய்யுங்கள், ஆனால் சான்றிதழ் வகுப்பறைக்கு ஈடாகாது.

மாலத்தீவில் ஐஜிசிஎஸ்இ (கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்பு அளவிலான படிப்பு) நடத்திவிட்டு ஊருக்கு வந்தவர்களே, உங்களுடையது கேம்பிரிட்ஜ் அனுபவம். பயோடேட்டாவில் "வெளிநாட்டு அனுபவம்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பயாலஜி என்றால் 0610 என்று சிலபஸ் எண்ணோடு எழுதுங்கள்.

அப்புறம், ஆகஸ்டில் தொடங்கும் பள்ளிகள் பல முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே ஆள் தேடத் தொடங்கிவிடும். மே லீவில் தேடினால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். இப்போதைய முதல்வரிடமும் நேரடியாக விசாரிப்பார்கள், அதனால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். இன்டர்வியூவில் சம்பளம் பேசுவதற்கு முன்னால், "எனக்கு எந்த வகுப்பு தருவீர்கள்?" என்று கேளுங்கள்.