கவுண்டருக்கு வெளியே ஒரு பெஞ்சு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பணியிடத்தில் ஒருவருடைய தோற்றமும் தொழில் நேர்த்தியும் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்த நிலையத்தார், நேர்முகத் தேர்வுக்கு எப்படி உடுத்திப் போவது என்றும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார்கள். அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். துவைத்து இஸ்திரி போட்ட உடை. ஏற்கெனவே உடுத்திப் பழகிய உடை. உட்காரும்போதும் எழும்போதும் இழுத்துவிட வேண்டியிராத உடை. புதுச் செருப்பு வேண்டாம். அது கடிப்பது முகத்தில் தெரியும். இதற்குமேல் நான் பேசினால் ஜவுளிக்கடை விளம்பரமாகிவிடும்.

நான் பொதுத்துறை வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவள். ஓர் ஊழியரைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது மேலாளர் அறைக்குள் இருந்தால் தெரியாது. கவுண்டருக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால் தெரியும். கூட்டம் நிறைந்த நாட்களில் நான் வேண்டுமென்றே அங்கே போய் உட்காருவதுண்டு. "அந்தக் கண்ணாடிக்காரரிடம் போகாதீர்கள், கடைசிக் கவுண்டரில் அந்த அம்மா இருக்கிறார்களா பாருங்கள்" என்று ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். கண்ணாடிக்காரர் மடிப்புக் கலையாத சட்டைக்காரர். அந்த அம்மா என்ன சேலையில் வந்திருக்கிறார் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அவரிடம் போனால் வேலை முடியும் என்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

எப்படி முடிப்பார் என்பதைச் சொல்கிறேன். நவம்பர் மாதம் ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வருவார்கள். 2014இல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறை வந்த பிறகு விரல் ரேகையைப் பதித்தால் போதும். ஆனால் காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த கையில் ரேகை எங்கே இருக்கிறது? கணவரின் குடும்ப ஓய்வூதியத்துக்காக வந்திருக்கும் பாட்டி விரலை வைத்து வைத்து எடுப்பார், இயந்திரம் ஏற்காது. "ரேகை விழவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்று அனுப்பிவிடுவது எளிது. நான் சொன்ன அம்மா எழுந்து கவுண்டருக்கு வெளியே வருவார். பாட்டியின் விரல்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். கட்டைவிரல் இல்லையென்றால் மோதிர விரல், வலது கை இல்லையென்றால் இடது கை. எதுவுமே விழாவிட்டால் பழையபடி காகிதப் படிவத்தில் கைநாட்டு வாங்கி அன்றைக்கே முடித்து அனுப்புவார். பாஸ்புக்கைக் கொடுக்கும்போது, எழுத்து வாடிக்கையாளருக்கு நேராக இருக்கும்படி திருப்பி வைத்து, கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டுவார். இதை யாரும் அவருக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுக்கவில்லை.

'முடியாது' என்று சொல்லும் விதத்திலும் இது தெரியும். "சர்வர் வேலை செய்யவில்லை" என்பது வங்கிகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். பெரும்பாலும் உண்மையும்கூட. அதையே திரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுபவரும் உண்டு. தலையை நிமிர்த்தி, "சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வாருங்கள், படிவத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போங்கள், மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம்" என்று சொல்பவரும் உண்டு. இருவருக்கும் சர்வர் ஒன்றுதான். புகார்ப் பெட்டியில் எவர் பெயர் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு நோட்டு எண்ணுபவர் எவ்வளவு பளிச்சென்று உடுத்தியிருந்தாலும் சரி, பணத்தை வாங்கியவர் வாசலில் நின்று இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார்.

ஆடை முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆள் பாதி, ஆடை பாதி என்று சும்மா சொல்லவில்லை. பிறர் பணத்தைக் கையாளுபவர் தூங்கி எழுந்த சட்டையோடு வந்து உட்கார்ந்தால் எனக்கே ஐயம் வரும். ஆனால் அந்த ஆடைப் பாதியை வகுப்பவர்கள் யார் என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில், அதாவது கிளப்பில், நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்குப் போனார். வேட்டி கட்டியிருந்தார் என்று வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. வேட்டி கட்டியவரை உள்ளே விடாவிட்டால் மன்றத்தின் உரிமம் பறிபோகலாம். பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் நீதிபதி ஒருவர் திருப்பி அனுப்பப்பட்ட பிறகுதானே வந்தது! அதற்கு முன் இப்படிப்பட்ட வாசல்களிலிருந்து வாய் திறக்காமல் திரும்பிப் போனவர்களுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை ஆணையில் ஆண்களுக்கு வேட்டியும் சேர்ந்திருந்தது. ஐந்தே ஆண்டில் மன்ற வாசலில் ஆகாத உடை கோட்டைக்குள் அலுவலக உடையாகிவிட்டது. வேட்டி அதேதான்.

கடை வாசல்களில் ஓர் அட்டை தொங்கும்: 'நல்ல தோற்றமுள்ள பெண்கள் வேலைக்குத் தேவை.' நல்ல தோற்றம் என்று எழுதியவர் மனத்தில் நிறம் இருக்கிறது, வயது இருக்கிறது, கொஞ்சம் ஆங்கிலமும் இருக்கிறது. கணக்கு வருமா, வாடிக்கையாளர் கோபப்பட்டால் பொறுமையாகப் பதில் சொல்வாரா என்று அந்த அட்டை கேட்பதில்லை. தமிழ் வழியில் படித்துவிட்டு வேலை தேடும் பெண்கள் பலர் அந்த அட்டையைப் படித்ததும் உள்ளே போகாமலே திரும்பிவிடுகிறார்கள். தமிழ் வழியில் படித்து வங்கியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் இதே தயக்கத்தைப் பார்த்திருக்கிறேன். கூட்டங்களில் வாயே திறக்க மாட்டார்கள். வாடிக்கையாளரோ தமிழில்தான் சண்டை போடுவார்; அப்போது கிளையைக் காப்பாற்றியவர்கள் இவர்கள்தான்.

ஜவுளிக்கடைகளைப் பாருங்கள். ஒரே நிறச் சேலை, வலை போட்ட கொண்டை, முகத்தில் மாறாத புன்னகை, காலை முதல் இரவு வரை நின்றபடி வேலை. ஊழியர் உட்கார்ந்திருந்தால் கடைக்கு மரியாதைக் குறைவு என்று பல முதலாளிகள் நினைத்தார்கள். அந்த மரியாதைக்கான செலவு பெண்களின் கால் நரம்பில் ஏறியது. ஊழியர் உட்கார வழிசெய்து கேரளம் 2018இல் முதலில் சட்டம் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள்: வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். சேலை வாங்கப் போகிற எனக்கு, எடுத்துக் காட்டும் பெண் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்ற ஆசை கிடையாது. சாயம் போகுமா, இந்த விலைக்கு இது தகுமா என்று உண்மையைச் சொன்னால் போதும். உட்கார்ந்து எழுந்தவர் அதை எரிச்சல் இல்லாமல் சொல்வார்.

கடையில் ரேடியோவை ஓடவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முதலாளிகளிடம் ஒரு கேள்வி. ஸ்டூல் போட்டுவிட்டோம் என்பீர்கள். ஆய்வாளர் வரும் நாளில் நானும் பார்த்திருக்கிறேன். மற்ற நாட்களில் அதன்மேல் துணிக்கட்டுதானே உட்கார்ந்திருக்கிறது? இன்றைக்கே அதை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.